கோலின் முனை

சிறிய பொருளைப் பெரிதாக மதிப்போர் உலகில் குறைவு. ஆயினும் சில தொழில்களிலும் சில ஆட்டங்களிலும் சிறியதே பெரியதைத் தாங்கி நிற்கின்றது. ஸ்னூக்கர் ஆடும் கோலை எடுத்துக்கொள்ளலாம். அதன் நீளம் ஏறத்தாழ 145 சென்டிமீட்டர். நன்கு முற்றிய ஆஷ் மரத்திலோ மேப்பிள் மரத்திலோ கடைந்தெடுத்தது. நுனியில் ஒரு பித்தளைப் பூண். பூணின் தலையில் ஒட்டப்பட்ட ஒரு தோல் வில்லை. அவ்வில்லையின் அகலம் 9 அல்லது 10 மில்லிமீட்டரே; சட்டைப் பொத்தானைவிடச் சற்றுச் சிறியது. ஆட்டக்காரர்கள் அதனை ‘டிப்’ என்பர். தமிழில் கோல்முனை எனலாம். மரத்தின் தரமும், கடைந்தவனின் கைத்திறனும், ஆடுவோனின் பல்லாண்டுப் பயிற்சியும் அந்தப் பொத்தானளவு தோலின் வழியாகவே பந்தைச் சென்று சேர வேண்டும். அத்தோல் வெண்பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ, ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒன்றிரண்டு பங்குதான்.

பேராக் மாநிலத்துச் சிறு பட்டணம் ஒன்றில், பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள கடைவரிசையின் மாடியில் ஸ்னூக்கர் நிலையம் ஒன்று உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதோரும் பள்ளிச் சீருடை அணிந்தோரும் நுழையக்கூடாது என்னும் அறிவிப்பு படிக்கட்டின் தொடக்கத்திலேயே தொங்கும். புகையும் பந்தயமும் ஊர்சுற்றலும் குடியிருக்கும் இடம் என்று பெற்றோர் பலர் அதனை வெறுப்பர். அவ்வெறுப்பு முழுவதும் காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எட்டு மேசைகளுள் ஏழில் ஆரவாரம் மிகுந்திருந்தாலும், எட்டாவது மேசையில் ஒருவன் தனியே நின்று ஒரே அடியை ஐம்பது முறை அடித்துப் பழகுவதையும் அங்கே காணலாம்.

அவ்வாறு பழகியவருள் இருபத்து நான்கு வயது இளைஞன் ஒருவன். பகலில் ரப்பர்க் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. மாலையில் எட்டாவது மேசை. அவன் தந்தை தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி, தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டணத்து மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தவர். மகன் கோலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு புறப்படும்போதெல்லாம், “குச்சி பிடித்து உருப்பட்டவன் யார்?” என்று கேட்பார். மகன் விடை சொல்வதில்லை. விடை அவனிடம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

வட்டாரக் குழுக்களுக்கிடையே நடந்த போட்டி ஒன்றில் அவன் கடைசி ஆட்டம் வரை சென்றான். இருவரும் இரண்டிரண்டு ஆட்டம் வென்றிருந்தனர். ஐந்தாம் ஆட்டத்தில் மேசைமீது எஞ்சியிருந்தது ஏழு புள்ளிக்குரிய கறுப்புப் பந்து ஒன்றே. கடினமான அடியும் அன்று. கோல் வெண்பந்தைத் தொட்டபோது வழக்கமான ஓசைக்கு மாறாக ‘டிக்’ என்று ஒரு வறண்ட ஓசை எழுந்தது. முனை வழுக்கிவிட்டது. வெண்பந்து கறுப்பை இலேசாக உரசிவிட்டு விலகி ஓடியது. எதிராளி வந்தான், கறுப்பைக் குழியில் இட்டான், கைகுலுக்கினான். இளைஞனோ கோலின் முனையை முகத்தருகே தூக்கிப் பார்த்தான். கூடியிருந்தோர் அனைவரும் கேட்கும்படி, “முனை கெட்டுவிட்டது” என்றான்.

அன்று தொடங்கியது அவன் முனை வேட்டை. மூன்று மாதங்களில் ஐந்து முனைகளை மாற்றினான். ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் கொடுத்து வாங்கியதும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொன்றும் முதல் வாரம் அற்புதமாகத் தோன்றும். இரண்டாம் வாரம் ஒரு தவறு நேரும். மூன்றாம் வாரம் அம்முனையும் குற்றவாளியாகிவிடும்.

அவன் வாங்கியவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பது உண்மை. கோல்முனைகளை மென்மை, நடுத்தரம், வன்மை என்று மூன்றாகப் பகுப்பர். மென்முனை சுண்ணத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும். மெல்லடிகளில் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் அடிபட அடிபடத் தட்டையாகும். காளானைப்போல் பூணுக்கு வெளியே பிதுங்கும். அடிக்கடி சீர்செய்ய வேண்டும். வன்முனை உருக்குலையாமல் நெடுநாள் உழைக்கும். அடியின் விசையை அதிகம் வீணாக்காமல் பந்துக்குத் தரும். ஆனால் அதன் முகம் நாளடைவில் கண்ணாடிபோல் மினுமினுத்துப்போகும். மினுமினுத்த முகத்தில் சுண்ணம் நிற்காது. சுண்ணம் நில்லாத முனை வழுக்கும். இளைஞனுக்குக் கடைசிக் கறுப்பில் நேர்ந்தது அதுவே. முனை கெட்டுப்போகவில்லை, பல வாரங்களாக அதன் முகத்தை எவரும் சொரசொரப்பாக்கவில்லை. அவ்வளவுதான்.

அமைப்பிலும் இருவகை உண்டு. ஒரே தோலை அழுத்திச் செய்வது ஒன்று. மெல்லிய தோல்கள் பலவற்றை அடுக்கி ஒட்டிச் செய்வது மற்றொன்று. ‘எல்க் மாஸ்டர்’ என்னும் நீலநிற முனை முதல்வகையைச் சேர்ந்தது. ஐம்பது முனைகள் கொண்ட பெட்டியாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆயினும் ஒரே பெட்டிக்குள் ஒன்று மென்மையாகவும் அடுத்தது வன்மையாகவும் இருக்கக்கூடும். ஜப்பானியரின் ‘கமுயி’ போன்ற அடுக்குமுனைகள் விலை மிகுந்தவை. ஆனால் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும். உருவும் எளிதில் குலையாது. பணம் கொடுப்பவன் வாங்குவது பெரும்பாலும் இந்த ஒருமைப்பாட்டையே. திறமையை எந்தப் பெட்டியிலும் அடைத்து விற்பதில்லை.

தோல்முனையே இல்லாத காலமும் ஒன்று இருந்தது. வெறும் மரநுனியால் அடித்தவர்கள் பந்தின் நடுவை விட்டு விலகி அடிக்க அஞ்சினர்; விலகினால் கோல் வழுக்கும். பிரான்சு நாட்டுக் காலாட்படைத் தலைவர் பிரான்சுவா மிங்கோ என்பவர் சிறையிலிருந்தபோது பில்லியர்ட்ஸ் மேசையருகே நாள்களைக் கழித்தார். 1807-ஆம் ஆண்டளவில் கோலின் நுனியில் தோலை ஒட்டி ஆடும் முறையை அவர் செம்மைப்படுத்தினார் என்பர். தான் கண்டதை முழுமையாக ஆய்ந்து முடிக்கும்பொருட்டுச் சிறைக்காலத்தை நீட்டித் தரும்படி அவரே வேண்டிக்கொண்டார் என்றொரு கதையும் வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அத்தோல் துண்டு ஆட்டத்தையே மாற்றிவிட்டது. பந்து பின்னோக்கி வரவும், பக்கவாட்டில் வளைந்து திரும்பவும் கற்றுக்கொண்டது. பின்னர் 1820-களில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜாக் கார் என்பவர், பந்தைச் சுழலச் செய்யும் ஆற்றல் தம் பொடிக்கு உண்டென்று சொல்லிப் பெட்டி பெட்டியாக விற்றார். உள்ளே இருந்தது சாதாரண வெண்சுண்ணம். பொருளின்மேல் பழிபோடுவோரைப் போலவே பொருளின்மேல் நம்பிக்கை வைப்போரும் எக்காலத்திலும் உண்டு போலும்.

இன்று முனையில் பூசும் பொருள் ‘சாக்’ என்றே அழைக்கப்படுகிறது. ஆயினும் வகுப்பறைச் சுண்ணக்கட்டிக்கும் அதற்கும் பெயரளவில்தான் உறவு. அமெரிக்க ஆட்டக்காரர் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் 1897-இல் காப்புரிமை பெற்ற கலவையின் வழிவந்தது அது. நுண்ணிய மணல் போன்ற கடினத் துகள்கள் தோலையும் பந்தையும் ஒரு கணம் பிணைக்கின்றன. பந்தின் நடுவிலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவில் ஏறத்தாழப் பாதிவரை விலகி அடித்தாலும் கோல் வழுக்காது. அதைக் கடந்தால் எந்த முனையும் காப்பாற்றாது. சுண்ணம் சரியாகப் பற்றியிருக்குமாயின், மென்முனை தரும் சுழற்சிக்கும் வன்முனை தரும் சுழற்சிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது கைக்குக் கிட்டும் உணர்வும், காதுக்குக் கேட்கும் ஓசையும், பேணுவதற்குச் செலவிடும் பொழுதுமே.

ஸ்னூக்கர் நிலையத்தின் மூலையில், சிறு மேசையும் ஒரு பற்றுகருவியும் வைத்துக்கொண்டு கோல்களைப் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்தவராதலால் தமிழ் தடையின்றிப் பேசுவார். ஆறாவது முனையை மாற்ற இளைஞன் அவரிடம் சென்றபோது, அவர் நீல முனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பளிங்குப் பலகைமேல் போட்டு ஓசை கேட்டுக்கொண்டிருந்தார். மங்கிய ஓசை தந்தவை ஒரு பக்கம். கணீரென்று ஒலித்தவை மறுபக்கம். இரண்டுங்கெட்டவை குப்பைத் தொட்டியில். ஐம்பதில் இருபது தேறினால் நல்ல பெட்டி என்றார்.

“அங்கிள், உள்ளதிலேயே நல்லதாக ஒன்று போடுங்கள்” என்றான் இளைஞன்.

“யாருக்கு நல்லது?” என்றார் பெரியவர்.

அவன் விழித்தான். பெரியவர் மூன்று கேள்விகள் கேட்டார். முதலாவது, எந்த மேசையில் ஆடுவாய்? ஸ்னூக்கர்ப் பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர், அதற்கு 9 அல்லது 10 மில்லிமீட்டர் முனை பொருந்தும். அமெரிக்கப் பூல் ஆட்டத்துப் பந்து 57 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கனமும் மிகுதி, அதற்கு 12 அல்லது 13 மில்லிமீட்டர் முனை வேண்டும். ஒன்றை வாங்கி இரண்டுக்கும் பயன்படுத்தக்கூடாது. பந்துக்குவியலைச் சிதறடிக்கும் முதல் அடிக்கென்றே பூல் ஆட்டக்காரர் தனிக்கோல் வைத்து, அதில் கல்போன்ற பிசின் முனை பொருத்துவர். அம்முனையால் மெல்லடி ஆட முயல்வது கடப்பாரையால் பூப்பறிப்பது போன்றது. இரண்டாவது, ஓங்கி அடிப்பவனா, தள்ளி ஆடுபவனா? ஓங்கி அடிப்பவனின் கையில் மென்முனை விரைவில் நசுங்கும். மூன்றாவது கேள்வியைப் பெரியவர் சற்று நிறுத்திக் கேட்டார்.

“வாரத்துக்கு எத்தனை நிமிடம் இதனோடு உட்காருவாய், தம்பி?”

இளைஞன் பேசவில்லை. ஐந்து முனைகளை மாற்றியவன் ஒன்றையேனும் பேணியதில்லை. பெரியவர் தேறியவற்றுள் நடுத்தர ஓசை தந்த ஒன்றை எடுத்தார். பழைய பசையை முழுவதும் சுரண்டினார். பூணின் தலையும் தோலின் அடியும் சமதளமாகும்வரை தேய்த்தார். பூணைவிட ஒரு மயிரிழை அகன்ற முனையையே ஒட்டவேண்டும்; ஒட்டியபின் விளிம்பைச் சீவிப் பூணோடு சமமாக்க வேண்டும்; குறுகிய முனையைப் பின்னர் அகலமாக்க எவராலும் இயலாது என்று சொல்லிக்கொண்டே வேலைசெய்தார். முகத்தைக் குவிமாடம்போல் இழைப்பதை மட்டும் அவனிடமே விட்டார். அவ்வளைவை அமெரிக்கர் தங்கள் நாணயங்களின் விளிம்போடு ஒப்பிடுவர்; நம் நாட்டு ஐந்து சென் காசின் விளிம்பு அவர்களுடைய பத்து சென்ட் காசின் விளிம்புக்கு ஏறத்தாழச் சமம் என்று கூறி, ஒரு காசையும் அவன் கையில் வைத்தார்.

“ஆறு மாதத்துக்கு மாற்றாதே” என்பதே அவர் இறுதியாகச் சொன்னது. ஏன் என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்கேள்விக்கு விடை வீட்டில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை வாசல் திண்ணையில் அமர்ந்து, உப்புத்தாளால் முனையைத் தேய்ப்பதும் காசின் விளிம்போடு ஒத்துப்பார்ப்பதுமாக இருந்தான். தந்தை சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கோலைத் தொட அவர் விரும்பியது அதுவே முதன்முறை. முனையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மெல்லச் சுழற்றினார்.

“இடப்பக்கம் மேடாக இருக்கிறது” என்றார்.

மகன் பார்த்தான், தெரியவில்லை. காசை வைத்துப் பார்த்தான், தெரிந்தது. மயிரிழையளவு வெளிச்சம் ஒரு பக்கத்தில் கசிந்தது.

தந்தை திண்ணையில் அமர்ந்தார். பால்மரம் வெட்டும் கத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பட்டையைச் சீவும்போது மரத்துக்கும் கத்திக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் பட்டை எஞ்சவேண்டும். அதற்கு மேலே நின்றால் பால் குறையும். அதையும் கடந்து உள்ளே சென்றால் மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். மறுபடியும் அங்கே கத்தி வைக்க முடியாது. விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கை கண்டுகொள்ள வேண்டும். அவரோடு வேலைசெய்த ஒருவன் எந்நேரமும் கத்தியையே குறைசொல்வானாம். மாதம் ஒரு கத்தி வாங்குவானாம். அவன் நிரையில் மட்டும் மரங்கள் காயம் ஆறாமல் நிற்குமாம்.

“கங்காணி அவனை ஏசவில்லை. ஒரே கத்தியை அவன் கையில் கொடுத்து, ஒரு வருடத்துக்கு இதைத்தான் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கத்தி மாறிக்கொண்டே இருந்தால் தப்பு கத்தியுடையதா, கையுடையதா என்று எப்படித் தெரியும்? கத்தி நின்றால்தான் கை தெரியும்.”

மகன் தலை நிமிரவில்லை. கூட்டத்தின் நடுவே “முனை கெட்டுவிட்டது” என்று தான் சொன்ன சொல் அப்போது அவன் காதில் மீண்டும் ஒலித்திருக்கக்கூடும். தந்தையோ அப்போட்டியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்.

இது கேட்டுவிட்டு, நல்ல முனையைத் தேடுவதே வீண் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மொட்டைக் கத்தியால் எந்தக் கையும் பட்டை சீவாது; தேய்ந்து பூணை நெருங்கிவிட்ட முனையை மாற்றத்தான் வேண்டும். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்க்கும் இடர் நேர்வதுண்டு. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் நடைபெற்ற மாஸ்டர்ஸ் போட்டியின் அரையிறுதியில், ஹாங்காங் வீரர் மார்கோ ஃபூவுக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த ரோனி ஓ’சல்லிவனின் கோல்முனை உடைந்துபோயிற்று. ஆட்டத்தை நிறுத்திப் புதிய முனை ஒட்டப்பட்டது. பழக்கமில்லாத அம்முனையோடு ஆடி, 6-க்கு 4 என்று வென்றார். அடுத்த நாள் இறுதியாட்டத்தில் ஜோ பெரியையும் 10-க்கு 7 என்று வென்று கோப்பையைப் பெற்றார். ஸ்னூக்கர் நிலையத்து நண்பர்கள் இச்செய்தியைச் சொல்லி, புதுமுனை ஒட்டியதும் வெற்றி வந்ததே என்று இளைஞனைச் சீண்டுவர். புதுமுனையால் வென்றாரா, புதுமுனையாயிருந்தும் வென்றாரா என்று அவன் திருப்பிக் கேட்பான். எத்தனையோ ஆண்டுகள் கோல் பிடித்துத் தன் கையை முற்றும் அறிந்தவருக்கு ஒரு நாள் முனை மாறினால் இழப்பு சிறிது. தன் கையை இன்னும் அறியாதவனுக்கோ மாற்றந்தோறும் அறிவு தள்ளிப்போகின்றது.

ஆறு மாதங்கள் கழிந்தன. ஞாயிறுதோறும் அவன் திண்ணையில் அமர்ந்து முனையின் முகத்தைச் சொரசொரப்பாக்கினான்; பிதுங்கிய விளிம்பை இழைத்தான்; தந்தையிடம் நீட்டினான். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். ஸ்னூக்கர் நிலையத்தின் படிக்கட்டில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. ஆனால் குச்சி பிடித்து உருப்பட்டவன் யார் என்னும் கேள்வி மட்டும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

அடுத்த ஆண்டுப் போட்டியிலும் அவன் கடைசி ஆட்டம் வரை சென்றான். இம்முறையும் தோற்றான். ஆறு புள்ளிக்குரிய இளஞ்சிவப்புப் பந்து குழியின் வாயில் மோதி நின்றுவிட்டது. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பியபோது தந்தை விழித்திருந்தார்.

“முனை எப்படி?” என்று கேட்டார்.

“முனை நன்றாகத்தான் இருந்தது, அப்பா. அடிக்கிற நேரத்தில் நான்தான் தலையைத் தூக்கிவிட்டேன்.”

தந்தை சிறிது நேரம் அவனைப் பார்த்தார். காப்பிக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“அடுத்த ஆட்டம் எப்போது?” என்றார்.